அளபுரு அறிவிப்பும் நிரல்பெயர்ப்பிகளின் முரண்பாடும்

சி மொழியில் எழுதப்பட்டு இருபது, முப்பது ஆண்டுகளாகத் தடையின்றி இயங்கிவந்த நிரல்கள் பல, 2024ஆம் ஆண்டின் நடுவில் திடீரென ஏற்கப்படாமற் போயின. அந்நிரல்களில் எவரும் ஓர் எழுத்தையேனும் மாற்றவில்லை, கணிப்பொறிகளும் பழுதுபடவில்லை. அவ்வாண்டு மே மாதம் ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பியின் 14ஆம் பதிப்பு வெளிவந்தது. அதுகாறும் எச்சரிக்கையோடு விட்டுவிடப்பட்ட சில குறைகளை அப்பதிப்பு பிழையெனக் கொண்டது, நிகழ்ந்தது அவ்வளவே. ஆயினும் ஒரே வாசகத்தை ஒரு நிரல்பெயர்ப்பி ஏற்பதும், மற்றொன்று மறுப்பதும், மூன்றாவது வேறு பொருள் கொள்வதும் எங்ஙனம் நேர்ந்தன என்பது ஆராயத்தக்கது. இதன் வேர் அம்மொழி தோன்றிய நாட்களிலேயே இருக்கிறது.

எழுதப்படாத உடன்படிக்கை

மனிதன் எழுதிய நிரலை இயந்திரக் கட்டளைகளாகப் பெயர்த்துத் தருவது நிரல்பெயர்ப்பி. கம்பைலர் என்றே பலரும் வழங்குவர். பெரிய நிரல் எதுவும் ஒரே கோப்பில் அடங்குவதன்று. நூற்றுக்கணக்கான கோப்புகளாகப் பிரித்து எழுதப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே பெயர்க்கப்பட்டு, இறுதியில் இணைப்பி என்னும் வேறொரு நிரலால் ஒன்றாகக் கோக்கப்படும். கோப்புகளுக்குள்ளே செயற்கூறுகள் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து விடை தரும் நிரற்பகுதியே செயற்கூறு. அவ்வேலைக்கு வேண்டிய மதிப்புகளை வாங்கிக்கொள்ளும் இடங்கள் அளபுருக்கள் எனப்படும்.

ஒரு கோப்பில் உள்ள பகுதி மற்றொரு கோப்பில் உள்ள செயற்கூற்றை அழைக்கும்போது, இரண்டிற்கும் இடையே ஓர் உடன்பாடு இருத்தல் வேண்டும். அனுப்பப்படும் மதிப்புகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வினத்தது, எத்தனை பைட்டு நீளமுடையது, எவ்வரிசையில் வைக்கப்படும் என்பனவே அவ்வுடன்பாட்டின் ஷரத்துகள். மதிப்பு செல்லும்போது அதன்மீது பெயர்ச்சீட்டு ஏதும் ஒட்டப்படுவதில்லை. செயலியின் பதிவகத்திலோ, நினைவகத்தின் அடுக்கிலோ வெறும் பிட்டுகள் வைக்கப்படுகின்றன. அவற்றை எடுப்பவர் தம் கோப்பில் எழுதியுள்ளபடி பொருள் கொள்கிறார். இணைப்பியோ செயற்கூற்றின் பெயர் பொருந்துகிறதா என்பதை மட்டுமே பார்க்கும். ஆகவே இரு கோப்புகளும் இரு வேறு விதமாகக் கருதிக்கொண்டால் அதனைத் தடுப்பார் எவருமில்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடங்களில் டெனிஸ் ரிட்சி சி மொழியை 1969 முதல் 1973 வரையான காலத்தில் உருவாக்கினார். அதற்கு முன்னோடியான பி என்னும் மொழி கென் தாம்சனுடையது. பி மொழியில் தரவினம் என்ற பாகுபாடே இல்லை. ஒவ்வொரு மதிப்பும் இயந்திரத்தின் ஒரு சொல்லளவினது. எல்லாம் ஒரே அளவாக இருக்கும்போது அளபுருவின் இனத்தைக் கூறவேண்டிய தேவை எங்கிருந்து வரும்? பின்னர்ச் சி மொழியில் எழுத்து, முழு எண், தசம எண் எனப் பல இனங்கள் புகுந்தன. பழக்கம் மட்டும் பழையதாகவே நின்றது. செயற்கூற்றை வரையறுக்குமிடத்து அடைப்புக்குறிக்குள் அளபுருக்களின் பெயர்கள் மட்டும் இடம்பெறும். அவற்றின் இனங்கள் அடைப்புக்குறிக்கும் செயற்கூற்றின் உடலுக்கும் நடுவே தனி வரிகளாக எழுதப்படும். ஒன்றின் இனம் விடுபட்டால் அது முழு எண் எனக் கொள்ளப்படும். பிற கோப்புகளில் அச்செயற்கூற்றை அறிவிக்கும்போதோ, பெயரை எழுதி அடைப்புக்குறிகளை வெறுமையாக விட்டுவிடுவது வழக்கம். முழு எண்ணை விடையாகத் தரும் செயற்கூறாயின் அந்த அறிவிப்பும் வேண்டுவதில்லை.

இவ்வெறுமையான அடைப்புக்குறி பின்னாளில் பெருந்தொல்லை விளைத்தது. அலுவலகப் படிவம் ஒன்றில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டவர், "இல்லை" என்று கூறுகிறாரா, "இப்போது கூறவில்லை" என்கிறாரா? படிவத்தைப் பெறும் எழுத்தர் ஏதேனும் ஒன்றைத் தாமே கொள்ள வேண்டியதுதான். சி மொழியில் அதற்குப் பொருள் "கூறவில்லை" என்பது. சி மொழியினின்று கிளைத்த சி++ மொழியில் அதே வெறுமைக்குப் பொருள் "ஒன்றுமில்லை" என்பது. தலைப்புக் கோப்பு ஒன்றே இரு மொழி நிரல்களுக்கும் பொதுவாக இருக்கும்போது, அதன் ஒரு வரியை இரு நிரல்பெயர்ப்பிகள் எதிரெதிராகப் படித்தன.

உயர்த்தி அனுப்பும் விதி

அறிவிப்பு இல்லாத நிலையிலும் அனுப்புவோரும் பெறுவோரும் ஒத்துப்போகும் பொருட்டுச் சி மொழி ஒரு விதியைக் கைக்கொண்டது. எழுத்து, குறு முழு எண் ஆகியவை அனுப்பப்படுமுன் முழு எண்ணாக உயர்த்தப்படும். ஃபுளோட் எனப்படும் 4 பைட்டுத் தசம எண், டபிள் எனப்படும் 8 பைட்டுத் தசம எண்ணாக உயர்த்தப்படும். அக்காலத்துச் சி மொழியில் தசமக் கணக்குகள் யாவும் டபிள் அளவிலேயே செய்யப்பட்டமையால் இது இயல்பான ஏற்பாடாகவே தோன்றியது.

ஆயினும் நீள முழு எண்ணை இவ்விதி காப்பாற்றவில்லை. பிடிபி-11 கணிப்பொறியில் முழு எண் 16 பிட்டு. நீள முழு எண் 32 பிட்டு. 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு யூனிக்சில் கோப்பினுள் ஓரிடத்திற்கு நகரும் எல்சீக் என்ற செயற்கூறு மூன்று மதிப்புகளைப் பெறும்: கோப்பின் எண், எவ்வளவு தூரம், எங்கிருந்து என்பன. இவற்றுள் தூரம் நீள முழு எண். நிரலர் ஒருவர் தூரம் 0, தொடக்கம் 0 என்று எண்ணி வெறும் 0 என இருமுறை எழுதினாரென்று கொள்க. ஒவ்வொரு 0-வும் 16 பிட்டாகவே அடுக்கில் ஏறும். பெறும் செயற்கூறு அவ்விரண்டையும் சேர்த்து ஒரே 32 பிட்டுத் தூரம் என எடுத்துக்கொள்ளும். "எங்கிருந்து" என்ற மூன்றாவது மதிப்பிற்கு அடுக்கில் அடுத்து என்ன கிடக்கிறதோ அதுவே அகப்படும். எண்ணின் பின்னே ஓர் எழுத்தைச் சேர்த்து இது நீள எண் எனக் குறிக்க வேண்டும் என்பதை அக்காலத்து நிரலர் அனுபவத்தால் கற்றனர். முழு எண்ணும் நீள எண்ணும் ஒரே அளவாயிருந்த 32 பிட்டு இயந்திரங்களில் இதே தவறு எவ்விதத் தீங்கும் செய்யாமல் ஒளிந்துகொண்டது. தவறு ஒன்றே, இயந்திரத்திற்கு இயந்திரம் விளைவு வேறு.

ஃபுளோட் அளபுருவின் நிலை இதனினும் நுட்பமானது. பழைய முறையில் ஓர் அளபுருவை ஃபுளோட் என்று அறிவித்தால், வந்து சேர்வது டபிள். பெற்றபின் அது என்னவாகிறது? பிரயன் கெர்னிகனும் ரிட்சியும் எழுதி 1978இல் வெளிவந்த சி மொழி நூலின் முதற்பதிப்பு, அவ்வறிவிப்பையே டபிள் எனத் திருத்திப் படிக்கவேண்டும் என்றது. 1988இல் வந்த இரண்டாம் பதிப்பின்படி, வந்தது டபிளாயினும் உள்ளே அது ஃபுளோட்டாகவே குறுக்கப்படும். சாதாரணமாக இவ்வேற்றுமை கண்ணிற் படுவதில்லை. அளபுருவின் முகவரியை எடுத்து வேறொரு செயற்கூற்றிற்கு அனுப்பும்போதுதான் வெளிப்படும். முகவரியைப் பெற்ற செயற்கூறு அவ்விடத்தில் 4 பைட்டு ஃபுளோட் ஒன்றை எழுதிவைக்கும். அவ்விடம் உண்மையில் 8 பைட்டு டபிளாயின், பாதி புதியதும் பாதி பழையதுமான ஓர் எண் உருவாகும். அது எந்தக் கணக்கிலும் சேராத எண். முதல் நூலைப் பின்பற்றிய நிரல்பெயர்ப்பியும், பின்வந்த விதியைப் பின்பற்றிய நிரல்பெயர்ப்பியும் ஒரே நிரலுக்கு வெவ்வேறு விடை தந்தமைக்கு இதுவே காரணம். இரண்டும் தத்தம் காலத்து ஆதாரத்தின்படி சரியாகவே நடந்தன என்பதுதான் விசித்திரம்.

முன்வடிவின் வருகை

இக்குழப்பங்களைக் களைய அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1983இல் எக்ஸ்3ஜே11 என்ற குழுவை அமைத்தது. குழுவின் தரம் 1989 டிசம்பரில் ஏற்கப்பட்டு, 1990இல் சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. அதன் மிக முக்கியமான புதுமை முன்வடிவு. அளபுருக்களின் இனங்கள் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதப்படும், அறிவிப்பிலும் அவ்வாறே. அளபுரு ஒன்றுமில்லையெனில் "வாய்ட்" என்ற சொல்லை எழுத வேண்டும். படிவத்தில் "இல்லை" என்று எழுதுவதற்கு ஒப்பானது இது. இம்முறை சி++ மொழியிலிருந்து பெறப்பட்டது. முன்வடிவு கண்ணெதிரே இருந்தால் நிரல்பெயர்ப்பி மதிப்புகளை எண்ணிப் பார்க்கும். இனம் மாறியிருந்தால் தேவையான இடத்து மாற்றியும் தரும்.

ஆனால் அதற்குமுன் எழுதப்பட்ட நிரல்கள் எண்ணிலடங்காதவை. அவற்றைத் தள்ளிவிட இயலாமையால் குழு பழைய முறையையும் வைத்துக்கொண்டது. அன்றைய நிலையில் வேறு வழியிருந்ததாகத் தோன்றவில்லை. எனினும் இரு முறைகளும் ஒரே நிரலில் கலந்தபோது புதிய அபாயம் பிறந்தது. முன்வடிவு இருக்குமிடத்தில் ஃபுளோட் என்பது ஃபுளோட்டாகவே செல்லும், உயர்த்தப்படுவதில்லை. பழைய முறை வரையறையோ டபிளை எதிர்பார்த்து நிற்கும்.

இன்டெல் வகை 64 பிட்டுச் செயலியில் லினக்ஸ் பின்பற்றும் முறையை எடுத்துக்கொள்வோமாயின் இது தெளிவாகும். தசம மதிப்பு எக்ஸ்எம்எம்0 என்ற பதிவகத்தில் வைக்கப்படுகிறது. அழைக்கும் கோப்பில் முன்வடிவு இல்லை. எனவே 1 என்ற தசம எண் டபிளாகச் செல்கிறது. அதன் 8 பைட்டுகளில் கீழ்ப்பாதி முழுவதும் பூச்சியம். அழைக்கப்படும் செயற்கூறு புதிய முறையில் ஃபுளோட் என வரையறுக்கப்பட்டிருந்தால் அது கீழ்ப்பாதி 4 பைட்டை மட்டும் படிக்கும். அனுப்பியது 1, பெற்றது 0. அனுப்பியது 0.1 ஆயின் பெறுவது ஏறத்தாழ மைனஸ் 1.59 பெருக்கல் 10-இன் மைனஸ் 23ஆம் அடுக்கு. மறுதலையாக, ஃபுளோட் 1 அனுப்பப்பட்டு டபிள் எனப் படிக்கப்பட்டால், மேற்பாதி பூச்சியமாயிருக்கும் வழக்கமான நிலையில், 10-இன் மைனஸ் 315ஆம் அடுக்கை ஒட்டிய, இல்லையென்றே கூறத்தக்க ஒரு சிற்றெண் கிடைக்கும். அதனை ஃபுளோட்டாகக் குறுக்கினால் அதுவும் 0 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. நிரல் நிற்காது. விடை மட்டும் தவறாக அச்சாகும்.

ஒரே கோப்பினுள் முன்வடிவும் பழைய வரையறையும் மோதும்போது நிரல்பெயர்ப்பி கண்டுபிடித்துவிடும். அங்கும் நடத்தை ஒருபடித்தானதன்று. முன்வடிவில் குறு முழு எண், பின்வரும் பழைய முறை வரையறையிலும் குறு முழு எண் என்றிருந்தால் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தரத்தின்படியோ இரண்டும் பொருந்தா. ஏனெனில் பழைய முறையில் வருவது உயர்த்தப்பட்ட முழு எண். ஜிசிசி இவ்விடத்து விதியைத் தளர்த்தி, முன்வடிவே வரையறையை ஆளும் என ஏற்றுக்கொண்டது. அதைத் தன் கையேட்டில் வெளிப்படையாகக் கூறியும் இருக்கிறது. கிளாங் என்னும் நிரல்பெயர்ப்பி எச்சரித்துவிட்டு ஏற்கிறது. விதியைக் கடுமையாகக் கொள்ளும் வேறொன்று மறுக்கலாம். இம்மூன்றனுள் எதனையும் குறைகூறுவதற்கில்லை.

இடைக்காலத்தில் இரு தலைமுறை நிரல்பெயர்ப்பிகளுக்கும் ஏற்குமாறு எழுத நிரலர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. பெர்க்லி யூனிக்சின் தலைப்புக் கோப்புகளில் அளபுருப் பட்டியலை இரட்டை அடைப்புக்குறிக்குள் இட்டு ஒரு மேக்ரோவின் வயிற்றில் ஒளித்து வைத்தனர். புதிய நிரல்பெயர்ப்பியின் முன் பட்டியல் வெளிப்படும், பழையதன் முன் மறைந்து வெறும் அடைப்புக்குறி மட்டும் நிற்கும். புதிய முறை வரையறைகளைப் பழைய முறைக்கு மாற்றித்தரும் தனி நிரல்களும் புழங்கின. கோப்புகளுக்கிடையே உள்ள முரண்பாட்டைக் கண்டறிய ஸ்டீவ் ஜான்சன் இயற்றிய லின்ட் என்ற சோதனை நிரல் 1970களிலேயே இருந்தது. ஆனால் அதனை இயக்குவதும் இயக்காததும் நிரலரின் விருப்பம்.

தலைப்புக் கோப்பை மறந்த மாணவன்

இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் நெடுங்காலம் சி மொழி கற்பிக்கப்பட்டது, 1987இல் வெளிவந்த டர்போ சி என்ற நிரல்பெயர்ப்பியின் வழியாக. அதில் முழு எண் 16 பிட்டு. வர்க்கமூலம் காணும் செயற்கூற்றை அழைக்கும் மாணவன், அதன் முன்வடிவு அடங்கிய கணிதத் தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறந்துவிட்டான் எனக் கொள்க. முன்வடிவு இல்லையென்ற எச்சரிக்கை திரையில் தோன்றும், நிரலும் உருவாகிவிடும். வர்க்கமூலம் காணவேண்டிய 4 முழு எண்ணாகவே சென்று, டபிளாகப் படிக்கப்பட்டு, திரும்பி வரும் விடையும் முழு எண்ணெனத் தவறாகக் கொள்ளப்பட்டுப் பொருளற்ற ஓர் எண் கிட்டும். இதே நிரலை 14ஆம் பதிப்புக்கு முந்திய ஜிசிசியிடம் கொடுத்தால், வர்க்கமூலச் செயற்கூற்றின் இயல்பை அது தானே அறிந்து வைத்திருப்பதால், கடிந்துகொண்டே சரியான விடை 2-ஐத் தந்துவிடும். 14ஆம் பதிப்பிலோ நிரலே உருவாகாது. மூன்று நிரல்பெயர்ப்பிகள், மூன்று முடிவுகள். இரண்டாவது முடிவே மாணவனுக்கு இனிமையானது. ஆனால் அவனை ஏமாற்றுவதும் அதுவே. அவன் தானே எழுதிய செயற்கூறு எதற்கும் அச்சலுகை கிடைக்காது.

செயலி மாறும்போதும் இவ்வாறு பழைய குறை விழித்துக்கொள்வதுண்டு. அச்சிடும் செயற்கூறுகளைப் போல மதிப்புகளின் எண்ணிக்கை வரையறுக்கப்படாத செயற்கூறுகள் சில உண்டு. அவற்றை நிலையான அளபுருக்கள் உடையவைபோலத் தவறாக அறிவித்திருந்த நிரல்கள் இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் ஓடின. அங்கு இருவகை மதிப்புகளும் ஒரே பதிவகங்களில் செல்வதுண்டு. 2020இல் ஆப்பிள் நிறுவனம் தன் மாக் கணிப்பொறிகளை ஆர்ம் வகைச் செயலிக்கு மாற்றியது. அதன் முறைப்படி நிலையான மதிப்புகள் பதிவகத்திலும், வரையறுக்கப்படாத மதிப்புகள் அடுக்கிலும் வைக்கப்படுகின்றன. தவறான அறிவிப்புடைய நிரல் மதிப்பை ஓரிடத்தில் வைக்க, செயற்கூறு அதனை வேறிடத்தில் தேடியது.

கண்டிப்பும் அதன் விலையும்

அறிவிப்பின்றிச் செயற்கூற்றை அழைத்தலையும், இனம் விடுபட்டதை முழு எண்ணெனக் கொள்ளுதலையும் 1999ஆம் ஆண்டின் தரமே நீக்கிவிட்டது. நிரல்பெயர்ப்பிகள் அதற்குப்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எச்சரிப்பதோடு நின்றன. 2023இல் வெளிவந்த கிளாங் 16 அறிவிப்பில்லா அழைப்பைப் பிழையாக்கியது. ஜிசிசி 14 அதனைத் தொடர்ந்ததோடு, சுட்டு ஒன்றை முழு எண்ணாக அனுப்புதல் போன்றவற்றையும் பிழைப்பட்டியலில் சேர்த்தது. ஃபெடோரா லினக்ஸ் அமைப்பினர் தம் 40ஆம் பதிப்பிற்காகப் பழைய நிரற்தொகுப்புகளைத் தேடித் திருத்தும் பணியை முன்கூட்டியே மேற்கொண்டனர்.

வெளிப்படையாக மறுக்கப்பட்ட நிரலைத் திருத்துவது எளிது. மறைவாக நேரும் கேடு ஒன்று இதனினும் கவலைக்குரியது. யூனிக்ஸ் வகை நிரற்தொகுப்புகள் பல, தம்மை உருவாக்குமுன் கணிப்பொறியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று சிறு சோதனை நிரல்களை எழுதிப் பார்க்கும். சோதனை நிரல் பெயர்க்கப்பட்டால் வசதி உண்டு. பெயர்க்கப்படாவிட்டால் வசதி இல்லை என்பது முடிவு. அச்சோதனை நிரல்களில் பல, தலைப்புக் கோப்பைச் சேர்க்காமலும் அளபுருவை அறிவிக்காமலும் அவசரமாக எழுதப்பட்டவை. புதிய நிரல்பெயர்ப்பி அவற்றை அந்த வேறு காரணத்திற்காக மறுத்தபோது, சோதனையோ வசதியே இல்லையென்று குறித்துக்கொண்டது. தொகுப்பு எவ்விதத் தடையுமின்றி உருவாயிற்று. வசதி மட்டும் அதில் இல்லை. கணிப்பொறியில் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று இங்ஙனம் விடுபட்டால் அதனைப் பயன்படுத்துவோர் அறிவதற்கு வழியில்லை. இதனாலேயே திருத்தும் பணியில் ஈடுபட்டோர், பிழையால் நின்ற தொகுப்புகளை மட்டுமன்றி, வெற்றியாக முடிந்தவற்றின் சோதனைப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

சி23 எனப்படும் தரம் 2024 அக்டோபரில் வெளியானது. பழைய முறை வரையறை அதில் அறவே நீக்கப்பட்டது. வெறுமையான அடைப்புக்குறி இனி "ஒன்றுமில்லை" என்றே பொருள்படும். அதாவது சி++ மொழியின் பொருளே சி மொழிக்கும் ஆயிற்று. 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15 இத்தரத்தையே இயல்பாகக் கொண்டது. அதற்கு ஒரு மாதம் முன்னர் வெளிவந்த கிளாங் 20 முந்திய தரத்திலேயே நின்றது. எனவே வெறுமையான அடைப்புக்குறியுடன் அறிவித்த செயற்கூற்றிற்கு இரண்டு மதிப்புகளை அனுப்பும் ஒரு கோப்பு, 2025இன் இளவேனிலில் ஒரு நிரல்பெயர்ப்பியால் மறுக்கப்பட்டு மற்றொன்றால் எச்சரிக்கையுடன் ஏற்கப்பட்டது. செயற்கூற்றின் முகவரியை வைத்துக்கொள்ளும் சுட்டுகளில் இவ்வழக்கம் மிகுதி. "எந்த அளபுரு உடையதாயினும் சரி" என்ற கருத்தில் வெறுமையாக விடப்பட்ட அவையெல்லாம் "அளபுரு அற்றவை" என ஒரே நாளில் பொருள் மாறின.

பழைய பொருளிலேயே படிக்கவேண்டுமென்று ஜிசிசிக்குக் கட்டளையிட ஒரு விருப்பத்தேர்வு உண்டு. 2017ஆம் ஆண்டின் தரத்தை அதன்வழி குறிப்பிடலாம். பல தொகுப்புகள் திருத்தப்படும் வரை அதனைக் கொண்டே உருவாக்கப்படுகின்றன. நூலகம் ஒன்றைப் பழைய தரத்தில் பெயர்த்து, அதன் தலைப்புக் கோப்பைப் புதிய தரத்தில் எழுதப்பட்ட நிரல் பயன்படுத்துமாயின், அக்கோப்பிலுள்ள வெறுமையான அடைப்புக்குறி மீண்டும் இரு பக்கத்தாராலும் இருவிதமாகப் படிக்கப்படுகிறது. அத்தகைய தலைப்புக் கோப்புகளைத் திருத்துவோர் ஒவ்வொரு செயற்கூற்றின் வரையறையையும் தேடிச் சென்று, அளபுருக்களின் இனங்களை எடுத்து வந்து, உரிய அடைப்புக்குறிக்குள் கையால் நிரப்பி வருகின்றனர்.